மொய் எழுதும் ஊரில் காணிக்கை

எங்கள் கிறிஸ்தவ சபையின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடிந்ததும் யாராவது ஒருவர் எழுந்து, "நம்ம சபையாருக்குக் கொடுக்கிற மனசே இல்லை" என்று சொல்வது ஏறக்குறைய ஒரு சடங்காகவே ஆகிவிட்டது. சொல்பவர் பெரும்பாலும் தாராளமாகக் கொடுப்பவராகத்தான் இருப்பார், ஆதங்கத்தில் சொல்கிறார். இருந்தாலும், திருமங்கலம் சாலையை ஒட்டி வளர்ந்திருக்கும் இந்தச் சபையில் சில ஆண்டுகள் பொருளாளராக இருந்தவன் என்ற முறையில், அந்தப் பேச்சை என்னால் ஒப்புக்கொள்ள முடிந்ததில்லை. மதுரையிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வாழ்கிறவர்களுக்குக் கொடுக்கத் தெரியாது என்று சொல்பவர், இங்கே நடக்கும் ஒரு காதுகுத்துக்குப் போய்ப் பந்தலில் அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்திருக்க மாட்டார்.

செக்கானூரணி, உசிலம்பட்டிப் பக்கம் தாய்மாமன் சீர் வரும்போது தட்டுத் தட்டாகப் பழமும் இனிப்பும் துணிமணியும், மாலை போட்ட கிடாயும் மேளதாளத்தோடு தெருவை அடைத்துக்கொண்டு வரும். பந்தலின் ஓரத்தில் மேசை போட்டு இருவர் மொய் எழுத உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் பணத்தை எண்ணுவார், மற்றவர் ஊர், பெயர், தொகை என்று நோட்டில் ஏற்றுவார். சில இடங்களில் அது மைக்கிலும் சொல்லப்படும். கிறிஸ்தவக் குடும்பங்கள் இதற்கு விலக்கல்ல. ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பையில் இருபது ரூபாய் போடும் அதே மனிதர், புதன்கிழமை மைத்துனர் வீட்டு விசேஷத்துக்கு வட்டிக்கு வாங்கியாவது சீர், மொய் என்ற செய்முறையைக் குறைவில்லாமல் செய்துவிடுகிறார். திரும்பி வரும் என்ற கணக்கில் கொடுப்பது மட்டும்தான் இங்கே நடக்கிறது என்றும் சொல்லிவிட முடியாது. மதுரையை அடுத்த கொடிக்குளத்தைச் சேர்ந்த ஆயி அம்மாள் என்கிற பூரணம், மறைந்துபோன தம் மகள் ஜனனியின் நினைவாக, ஊரின் அரசுப் பள்ளியைத் தரம் உயர்த்துவதற்குத் தம்முடைய 1 ஏக்கர் 52 சென்ட் நிலத்தை எழுதிக்கொடுத்த செய்தி 2024 ஜனவரியில் வெளியே வந்தது. பல கோடி மதிப்புள்ள நிலம் அது. வங்கியில் எழுத்தராக வேலை பார்த்த ஒரு பெண், பதிவு அலுவலகத்துக்குப் போய், கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

ஆகையால் சபையாரிடம் மனம் இருக்கிறதா என்ற கேள்வியை விட்டுவிட்டு, கொடுத்துப் பழகிய இந்தக் கை ஆலயத்துக்குள் வந்ததும் ஏன் சுருங்குகிறது என்ற கேள்வியைக் கேட்பதே பயனுள்ளது. எனக்குப் பட்ட காரணம் எளியது. பெரும்பாலான சபைகள் தம் மக்கள் கண்ணில் வாங்கும் இடமாக மட்டுமே தெரிகின்றன. கொடுக்கும் இடமாகத் தெரிவதில்லை. சபை என்ற அமைப்பு தன் பணத்தைத் தனக்கு அப்பாற்பட்டவர்களுக்குக் கொடுப்பதைக் கண்ணால் பார்த்திராத ஒருவரிடம், கொடுப்பதன் பாக்கியத்தைப் பற்றி எத்தனை பிரசங்கம் செய்தாலும் அது வசூல் பேச்சாகவே காதில் விழும்.

செய்முறையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்ய முடியாமல் நகையை அடகு வைத்த குடும்பங்களை நான் அறிவேன். அது தாராளம் என்ற உடை போட்ட கடன். ஆனால் அதில் கொடுப்பவருக்கு எதுவும் மறைவாக இல்லை. யார் வீட்டுக்குப் போகிறது, எதற்காகப் போகிறது, நோட்டில் ஏறியதா என்பதெல்லாம் அவர் கண்முன்னே நடக்கிறது. ஆலயத்தில் அவர் போடும் பணமோ வெல்வெட் பைக்குள் விழுந்த கணத்தோடு அவர் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. அடுத்து அதைப் பற்றிக் கேள்விப்படுவது ஆண்டுக் கூட்டத்தில், ஆறு மாதம் கழிந்த பிறகு, "இதர செலவுகள்" என்ற தலைப்பின் கீழ்.

ஆராதனை முடிந்து, ஆலயத்தை ஒட்டிய அறையான வெஸ்ட்ரியில் காணிக்கை எண்ணும் மேசையை ஒருமுறையாவது எல்லாரும் பார்க்க வேண்டும் என்று நினைப்பேன். பையைக் கவிழ்த்ததும் முதலில் உருண்டோடுவது பத்து ரூபாய் நாணயங்கள். அவை செல்லும் என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்ப அறிவித்தும், கடைக்காரர்களும் பேருந்து நடத்துநர்களும் வாங்க மறுத்த காலத்தில், அவையெல்லாம் எங்கே போவது என்று தெரியாமல் ஆலயத்துக்கு வந்து சேர்ந்தன. அடுத்தது கிழிந்த நோட்டு: செலோடேப் ஒட்டியது, மூலை போனது, நடுவில் எண்ணெய்க்கறை படிந்தது. டீக்கடையில் தள்ள முடியாததைக் கர்த்தரிடம் தள்ளிவிடலாம் என்ற நம்பிக்கை நம்மவரிடம் ஆழமாக இருக்கிறது. அவற்றைத் தனியே அடுக்கி வங்கியில் மாற்றிக்கொள்வது பொருளாளரின் சில்லறை வேலைகளில் ஒன்று.

ஆனால் அதே மேசையில் இன்னொரு வகை நோட்டும் வரும். நீளவாக்கில் மடித்து, மறுபடி மடித்து, விரல்நகம் அளவுக்குச் சுருட்டிய நூறு ரூபாய்; பிரிக்கும்போது மல்லிகை மணக்கும். பூ கட்டி விற்கும் பெண்கள் முந்தானையில் முடிந்து கொண்டுவரும் பணம் அது. ஒரு நாள் முழுக்கக் கட்டினால் கையில் நிற்பது எவ்வளவு என்று தெரிந்தவர்கள், அந்த நோட்டைப் பிரிக்கும்போது பேச்சை நிறுத்திக்கொள்வார்கள். சபையில் கொடுக்கும் மனம் இல்லை என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மேசையருகே நின்றதில்லை.

இயேசு காணிக்கைப்பெட்டிக்கு எதிராக உட்கார்ந்து ஏழை விதவை இரண்டு காசு போட்டதைப் பார்த்த நிகழ்ச்சி மாற்கு 12ஆம் அதிகாரத்தின் கடைசியில் வருகிறது. நிதி திரட்டும் ஞாயிறுகளில் இதைவிட அதிகமாகப் பிரசங்கிக்கப்படும் பகுதி வேறு இருக்குமா என்பது சந்தேகம். அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற மத போதகர்களான வேதபாரகரைக் குறித்து எச்சரிக்கையாயிருங்கள் என்று அவர் சொன்ன வாக்கியம் இருக்கிறது. அதையும் சேர்த்து வாசித்துவிட்டுக் காணிக்கைப் பையை அனுப்பிய பிரசங்கியாரை நான் இதுவரை பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்து வாசித்தால், விதவையின் கையிலுள்ள இரண்டு காசைக் குறித்த பாராட்டு அப்படியே நிற்கிறது. கூடவே அந்தக் காசை வாங்கும் ஆலயம் அவளுக்கு என்ன செய்கிறது என்ற கேள்வியும் எழுந்துவிடுகிறது.

வருமானத்தில் பத்தில் ஒன்றைக் கொடுக்கும் தசமபாகத்துக்கும் இதே கதிதான். அதைக் கொண்டுவரச் சொல்லும் மல்கியா 3ஆம் அதிகாரத்தில் வரும் "பண்டகசாலை" என்ற சொல் நம் பிரசங்கங்களில் சபையின் வங்கிக் கணக்காகவே விளக்கப்படுகிறது. உபாகமம் 14ஆம் அதிகாரத்தின் முடிவில், மூன்றாம் ஆண்டின் தசமபாகம் ஊர்வாசலுக்குள் வைக்கப்பட வேண்டும் என்றும், ஆலயப் பணிக்கென்று ஒதுக்கப்பட்ட லேவியனோடுகூட, அந்நியனாகிய பரதேசியும் திக்கற்றவனும் விதவையும் வந்து புசித்துத் திருப்தியடைய வேண்டும் என்றும் சொல்லப்பட்டிருப்பதை அத்துடன் சேர்த்துச் சொன்னால், பத்தில் ஒன்று கேட்பதற்கு முன்பாகச் சபை தன் வரவில் எத்தனையில் ஒன்றை அந்த நால்வகையினருக்கு ஒதுக்குகிறது என்று கணக்குக் காட்ட வேண்டியிருக்கும். பத்துக் கொடுத்தால் நூறாகத் திரும்பி வரும் என்று தொலைக்காட்சியில் பேசுகிறவர்களைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதப்போவதில்லை. அதுவும் ஒரு மொய்தான். நோட்டு மட்டும் பரலோகத்தில் இருக்கிறது.

கட்டாயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். சபைச் சந்தா கட்டியவர் பெயர் மட்டுமே சபைத் தேர்தலின் வாக்காளர் பட்டியலில் இருக்க வேண்டும் என்ற விதியில் நியாயம் உண்டு. ஆனால் சில சபைகளில் அந்தச் சந்தாப் பாக்கி எப்போது வசூலிக்கப்படுகிறது என்றால், மகளின் திருமணத்துக்கு ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, ஆலயத்தில் வாசிக்கக் கேட்டு வரும்போதும், அதைவிட மோசமாக, கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்ட அனுமதி கேட்டு வரும்போதும். எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார் தன் தாயின் உடலை வீட்டில் கிடத்திவிட்டு, செயலாளர் வீட்டு வாசலில் பழைய பாக்கிக்காக நின்றார். பாக்கி முழுதும் அன்றே வசூலானது. அந்தக் குடும்பம் அதன் பிறகு ஆலயத்துக்கு வருகிறது. ஆனால் சந்தாவுக்கு மேல் ஒரு ரூபாய் கொடுத்ததில்லை, கொடுக்கப் போவதுமில்லை. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை மீறினால் சபை இழக்கும் தொகை எவ்வளவு என்று எந்தக் கணக்கேட்டிலும் ஏறாது.

அதே பவுல் பணத்தைக் கையாள்வதில் காட்டிய ஜாக்கிரதையை நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. எருசலேமின் ஏழைகளுக்காகத் திரட்டிய தர்மப்பணத்தைப் பற்றிப் பேசும் 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில், மக்கெதோனியச் சபைகள் கொடிய தரித்திரத்திலும் வாரிக் கொடுத்ததைச் சொல்லும் முதல் பாதியைத்தான் நாம் வாசிக்கிறோம். பின்பாதியில் அவர் தீத்துவை அனுப்புகிறார். அவரோடு வேறு இரண்டு சகோதரரையும் அனுப்புகிறார். அவர்களில் ஒருவர் சபைகளாலேயே தேர்ந்தெடுக்கப்பட்டவர். இந்தப் பணத்தைக் குறித்து ஒருவனும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கிறோம் என்றும், கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்றும் காரணம் சொல்கிறார். அப்போஸ்தலனுக்கே தன் கையை மட்டும் நம்பச் சொல்லத் துணிவில்லை. நம் கமிட்டிகளிலோ "நம்பிக்கை இல்லையா?" என்று பொருளாளர் கோபித்துக்கொண்டால் கணக்குக் கேட்டவர் உட்கார்ந்துவிடுகிறார்.

இந்த வகையில் எங்கள் சபைப் பெண்கள் ஆண்களைவிட நன்றாகப் பழகியவர்கள். அவர்களில் பலர் வாரநாட்களில் மகளிர் குழுக்களில் இருப்பவர்கள். மதுரை அருகே புல்லுச்சேரியைச் சேர்ந்த சின்னப்பிள்ளை என்ற விவசாயக் கூலிப் பெண், எழுதப் படிக்கத் தெரியாத நிலையிலும் களஞ்சியம் என்ற மகளிர் சேமிப்புக் குழு இயக்கத்தின் முகமாக உயர்ந்ததையும், பிரதமராக இருந்த வாஜ்பாய் விருது வழங்கிய மேடையில் அவர் காலைத் தொட்டு வணங்கியதையும், 2019இல் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டதையும் இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லை. அந்தக் குழுக்கள் நிலைத்ததற்குக் காரணம், ஒவ்வொரு கூட்டத்திலும் எல்லார் முன்னிலையிலும் பணம் எண்ணப்பட்டு, நோட்டில் எழுதப்பட்டு, எழுதியது உரக்க வாசிக்கப்படுவதே. எழுதப் படிக்கத் தெரியாதவரும் தன் பணம் எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார். அப்படிப்பட்ட பெண்கள் ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் வந்து உட்கார்ந்ததும் வாய் திறக்காத பார்வையாளர்களாக ஆகிவிடுகிறார்கள். அவர்களை எண்ணும் மேசைக்கு அழைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

நாங்கள் அழைத்தோம். கமிட்டியில் இல்லாத இருவர், ஒருவருக்கொருவர் உறவில்லாதவர்கள், அவர்களில் ஒருவர் பெண், வாரந்தோறும் முறைவைத்து எண்ணுவது என்று ஏற்பாடானது. தொகை வெஸ்ட்ரியிலேயே எழுதப்பட்டு இருவரும் கையெழுத்திட வேண்டும். பையிலிருந்து நேரடியாக எந்தச் செலவும், ஒரு மெழுகுவர்த்திப் பாக்கெட்டுக்குக்கூட, எடுக்கக்கூடாது. பணம் யார் வீட்டுக்கும் போகாமல் திங்கட்கிழமை வங்கிக்குப் போக வேண்டும். மாதத்தின் முதல் ஞாயிறு, சென்ற மாதத்தின் வரவும் செலவும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். இதில் புதுமை ஒன்றுமில்லை. ஆனால் பலகையில் என்ன எழுதுகிறோம் என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. "உதவிகள்" என்று ஒரே வரியில் போட்டால் அதை யாரும் வாசிப்பதில்லை. "தந்தையை இழந்த பிள்ளை ஒருவருக்குப் பாலிடெக்னிக் இரண்டாம் பருவக் கட்டணம்", "அரசு மருத்துவமனையில் இருப்பவருக்குத் துணையாக இருந்தவரின் சாப்பாட்டுச் செலவு" என்று, ஆளின் பெயர் இல்லாமல், காரியத்தைச் சொல்லி எழுதியபோது, ஆராதனைக்குப் பின் பலகைக்கு முன்னால் ஆட்கள் நிற்க ஆரம்பித்தார்கள். பெரியவர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, "தம்பி, அந்தப் பாலிடெக்னிக் புள்ளைக்கு மூணாவது பருவத்துக்கும் கட்டணுமில்ல? அதை நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் வருடக்கணக்காகக் கஞ்சர் என்று பெயர் வாங்கியவர்.

சபை தானே கொடுக்க வேண்டும் என்பது கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. ஆனால் நம் பகுதிச் சபைகளின் வரலாறு அதற்கு எதிர்த்திசையில் நம்மைப் பழக்கியிருக்கிறது. 1810இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட அமெரிக்கன் போர்டு என்ற மிஷன் அமைப்பு, யாழ்ப்பாணத்திலிருந்து 1834இல் மதுரைக்கு வந்தது. பசுமலையின் பள்ளிகளும், இன்றைக்குத் தல்லாகுளத்தில் இருக்கும் அமெரிக்கன் கல்லூரியும், மிஷன் மருத்துவமனையும், கிராமந்தோறும் நின்ற சிறிய ஜெபவீடுகளும் கடல் கடந்து வந்த காணிக்கையில் எழுந்தவை. தாங்கள் ஒருநாளும் பார்க்கப்போகாத ஊருக்காக அங்குள்ள சபையார் போட்ட சில்லறை அது. அதை நன்றியோடு நினைக்க வேண்டும். ஆனால் உபதேசியாருக்கும் வாத்தியாருக்கும் சம்பளம் மிஷன் பங்களாவிலிருந்து வந்த அந்த நீண்ட காலத்தில், சபை என்றால் நாம் கொடுக்கிற இடம் அல்ல, நமக்குக் கிடைக்கிற இடம் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. அந்த மிஷனின் செயலாளர் ரூஃபஸ் ஆண்டர்சன், 1854-55இல் இந்தப் பகுதிகளுக்கு நேரில் வந்து பார்த்தவர், உள்ளூர்ச் சபைகள் தம்மைத் தாமே ஆண்டு, தம்மைத் தாமே தாங்கி, தாமே சுவிசேஷத்தைப் பரப்ப வேண்டும் என்று வலியுறுத்தியவர். ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகப்போகிறது. ஆளுகையில் நாம் தேறிவிட்டோம். பல சபைகள் சேர்ந்த திருமண்டிலத்தின் தேர்தல்களைப் பார்த்தால் அளவுக்கு மீறியே தேறிவிட்டோம் என்று சொல்லலாம். தாங்குவதில்தான் இன்னும் தடுமாற்றம். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் மேலும் இறுக்கப்பட்ட பிறகு, பழைய நினைப்பில் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் வழியில்லை.

இல்லாதவர்களால் சபையைத் தாங்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு மிசோரம் சபைகள் நல்ல விடை. அங்கே 1910 தொடங்கி, வீட்டில் உலை வைக்கும் ஒவ்வொரு வேளையும் பெண்கள் ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனியே எடுத்து வைக்கிறார்கள். அது வாரந்தோறும் சேகரிக்கப்பட்டு விற்கப்பட்டு மிஷன் பணிக்குப் போகிறது. பிடியரிசி நமக்கும் புதிதல்ல. எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் அது உண்டு; இட்லி அரிசியும் பொன்னியும் ரேஷன் அரிசியும் கலந்து வரும் அந்த மூட்டை சோற்றுக்கு உதவாது, மாவுக்குத்தான் ஆகும் என்பதால் குறைந்த விலைக்குப் போகும். தொகை சிறியது. ஆனால் சபையின் எல்லா நிதிகளிலும் ஒருமுறைகூடத் தவறாமல் வந்துசேர்வது அது ஒன்றே என்பதை நான் கணக்கில் பார்த்திருக்கிறேன். மாதச் சந்தா ஜூன் மாதத்தில் பள்ளிக் கட்டணத்தின் முன்னால் படுத்துவிடும், டிசம்பரில் எழுந்துகொள்ளும். பிடியரிசிக்கு ஜூனும் டிசம்பரும் ஒன்றுதான்.

மிஷன் பணி இந்தியர் பணத்தில், இந்தியர் நிர்வாகத்தில் நடக்க வேண்டும் என்று, பின்னாளில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய ஆயரான வேதநாயகம் சாமுவேல் அசரியா முதலானோர் 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். அந்த அசரியாதான் 1910இல் எடின்பர்க் உலக மிஷனரி மாநாட்டு மேடையில், நீங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள், இனி எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்ற பொருள்பட மிஷனரிகளைப் பார்த்துப் பேசியவர். வாங்கும் இடத்தில் நின்றவர்களின் மனம் அந்த ஒரு வேண்டுகோளில் இருக்கிறது. இன்று நம் சபைகள் உதவி வழங்கும்போதும் அதை நினைத்துக்கொள்வது நல்லது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் விதவைகளை வரிசையில் நிறுத்திச் சேலை கொடுத்து, கொடுப்பவரும் வாங்குபவரும் கேமராவைப் பார்க்கும்படி படம் எடுக்கும் நிகழ்ச்சியை நான் எந்தச் சபையிலும் ஆதரிக்க மாட்டேன்.

பெயர் விஷயத்துக்கு இங்கிருந்து வந்துவிடலாம். எங்கள் ஆலயத்தின் பழைய மின்விசிறிகளில் ஒவ்வொரு இறக்கையிலும் அன்பளித்தவரின் பெயர் சிவப்பு வண்ணத்தில் எழுதியிருக்கும். மின்சாரம் போனால் மட்டுமே வாசிக்க முடியும் என்பதால் அதனால் பெரிய தீங்கில்லை என்று ஒரு போதகர் ஐயா வேடிக்கையாகச் சொல்வார். ஆனால் விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் அது வேடிக்கையாக முடிவதில்லை. அந்த ஏலம் எனக்குப் பிடிக்கும். அதை நிறுத்த வேண்டும் என்பவர்களோடு நான் சேர மாட்டேன். வீட்டுக் கூரையில் படர்ந்த கொடியிலிருந்து ஒரு பாட்டி பறித்துவந்த பூசணிக்காயும், காலைக் கட்டிய சேவலும், ஒரு கட்டு முருங்கைக்காயும் ஒரே மேசையில் இருக்க, "ஒரு தரம், ரெண்டு தரம்" என்று வாலிபர் சங்கத்துப் பையன் தொண்டை கட்டக் கத்துவதும், வாங்கியவர் அதே பொருளை மறுபடியும் ஏலத்துக்குக் கொடுப்பதும், பிள்ளைகள் ஒரு முட்டைக்காகக் கூட்டுச் சேர்ந்து கேட்பதும் சபை வருடம் முழுவதிலும் காட்டும் உண்மையான மகிழ்ச்சிகளில் ஒன்று. கெட்டுப்போவது, இரண்டு பெரிய வீடுகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு விலையை ஏற்றும்போது. அதையும்விட, மறுவாரம் யார் எவ்வளவு என்ற பட்டியலை மேலிருந்து கீழாகத் தொகைப்படி வாசிக்கும்போது. பொன்மோதிரம் போட்டவனை நல்ல இடத்தில் உட்காரச் சொல்வதைக் குறித்து யாக்கோபு எழுதியதைக் கேட்டுவிட்டு, அடுத்த அரைமணி நேரத்தில் அந்தப் பட்டியலைக் கேட்பது சங்கடமாக இருக்கும். ஏலம் அப்படியே இருக்கட்டும், பட்டியல் போகட்டும்.

கட்டட நிதிகளுக்கு முடிவு என்று ஒன்று இருப்பதாக நம்மில் யாரும் நம்புவதில்லை. யாத்திராகமம் 36ஆம் அதிகாரத்தில், இஸ்ரவேலரின் வழிபாட்டிடமான ஆசரிப்புக் கூடாரத்துக்குத் தேவைக்கு மேல் ஜனங்கள் கொண்டுவருகிறார்கள் என்று வேலைக்காரர்கள் சொன்னதும், இனி ஒருவரும் கொண்டுவர வேண்டாம் என்று மோசே பாளயம் எங்கும் கூறச்செய்கிறார். போதும் என்று ஒரு முறை சொன்ன சபையை, அடுத்த முறை கேட்கும்போது மக்கள் நம்புவார்கள். எங்கள் ஒலிபெருக்கி நிதி இலக்கை எட்டிய வாரமே அதை முடித்துவிட்டோம் என்று அறிவித்தோம். பிறகும் கவரைக் கொண்டுவந்தவர்களிடம் திருப்பிக் கொடுத்தோம். அந்தக் கவர்களில் பாதி, வேறு காரியத்துக்கு என்று எழுதப்பட்டு மறுபடி வந்தன.

பிள்ளைகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது ஆலய வாசலில் கியூஆர் கோடு ஒட்டியிருக்கிறோம். கணக்கு சபையின் பெயரில் இருக்கிறது, தனிநபர் பெயரில் அல்ல என்பதைப் பெரிய எழுத்தில் எழுதியும் வைத்திருக்கிறோம். வசதிதான். ஆனால் அப்பா கைப்பேசியில் அனுப்பிவிட்டுப் பை வரும்போது சும்மா கடத்திவிடுவதைத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை பார்க்கிறது. எவ்வளவு அனுப்பினாலும், பிள்ளையின் கையில் ஏதாவது கொடுத்துப் பையில் போடச் சொல்லுங்கள் என்று நான் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வதுண்டு. அதுவும் கிழிந்த நோட்டாக இல்லாமல். கைப்பேசியில் வரும் பணத்தோடு பெயரும் வந்துவிடுவதால், யார் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பது பொருளாளருக்கு முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது. அது அவரோடு நிற்க வேண்டும், போதகருக்குக்கூடப் போகக்கூடாது என்பது என் கருத்து. வீடு சந்திக்கப் போகிற ஆயர் அந்தத் தொகை தெரிந்துகொண்டு போவது அவருக்கும் நல்லதல்ல, அந்த வீட்டுக்கும் நல்லதல்ல.

இந்த ஆண்டு அறுப்பின் பண்டிகை வரவில் பத்தில் ஒரு பங்கை, சபையின் எந்தத் தேவைக்கும் கைவைப்பதற்கு முன்பே, வெளியே கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு தீர்மானம் கமிட்டிக்கு வந்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவர் பாதியில் நிற்கிறது, அதை முடித்துவிட்டுக் கொடுக்கலாமே என்று இருவர் கேட்டார்கள். சுவர் முடிந்தால் கதவு, கதவு முடிந்தால் தரை என்று அது நீளும் என்பது மற்றவர்களின் எண்ணம், என்னுடையதும்கூட. அந்த விவாதம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. மிச்சமிருப்பது, அந்தப் பங்கைப் பெறுகிறவர்கள் சபை அங்கத்தினராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைத் தீர்மானத்தில் சேர்ப்பதா என்பது. ஆலயத்துக்கு எதிர்ச்சந்தில் குடியிருக்கும் துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகள் மாலையில் படிக்க இடமில்லாமல் எங்கள் ஆலய வராந்தாவில் வந்து உட்காருகிறார்கள். அங்கே இரண்டு விளக்கும் ஒரு மின்விசிறியும் போட்டு, மாலையில் சொல்லிக்கொடுக்க ஒருவரை நியமிக்க அந்தப் பங்கு போதும் என்று மதிப்பிட்டிருக்கிறோம். அவர்களில் எங்கள் சபையைச் சேர்ந்தவர்கள் மிகச் சிலரே. நிபந்தனை வேண்டாம் என்ற பக்கம் நான் கைதூக்கப் போகிறேன். மின்விசிறியில் பெயர் எழுதக்கூடாது என்ற திருத்தத்தையும் கொண்டுவருவதாக இருக்கிறேன்.